அனுப்பிய கை திருத்தட்டும்



நோட்டீசில் என் பெயருக்கு நேரே ஊட்டச்சத்து என்று போட்டிருக்கிறது. அதை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். போன வாரம் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த மைக்கை விட்டு என்னால் நகர முடியாது.

தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில், ரத்தம் கொட்டக் கொட்ட. ஆரம்ப சுகாதார நிலையம் நடந்துபோகிற தூரம்தான். ஊசிக்குக் காசும் கிடையாது. ஆனாலும் போகவில்லை. மிளகாய்த்தூளை வைத்துக் கட்டிக்கொண்டு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் அக்கா என்று கேட்டால் செல்போனை நீட்டுகிறார். அதில் நடிகர் விவேக்கின் படம். ஊசி போட்டார், செத்தார், எந்த ஊசியையும் நம்பாதே என்று கீழே எழுதியிருக்கிறது. அனுப்பியது யார்? சொந்தக் கொழுந்தனார்!

வெறிநாய்க்கடி நோய் என்றால் என்ன தெரியுமா? அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் சாவு. நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி!

விவேக்குக்கு நடந்தது என்ன? 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், பத்திரிகைக்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தன்னைப் பார்த்துப் பத்துப் பேருக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய் அடைத்திருந்தது, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் உடனேயே சொன்னார்கள். தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்துவிட்டு அதையேதான் சொன்னது. எப்போது? அக்டோபரில்! பொய் ஒரே ராத்திரியில் தமிழ்நாட்டைச் சுற்றிவிட்டது, உண்மைக்கு ஆறு மாதம். சந்தையில் கூவி விற்ற பொய்யை, சந்தை கலைந்தபிறகு காதோடு காதாக மறுத்தால் யாருக்குக் கேட்கும்? இந்த அரசாங்கங்களுக்குச் சொல்கிறேன்: குழு கூடட்டும், கோப்பு நகரட்டும். தெரிந்தவரைக்கும் அன்றாடம் ஜனங்கள் பேசுகிற தமிழில் சொல்வதற்கு என்ன கேடு?

ஆனால் என் கோபம் அரசாங்கத்தின் மேல் மட்டுமில்லை. அக்டோபரில் செய்தி வந்ததே, ஏப்ரலில் அனுப்பியவர்களே, திருத்தினீர்களா? எந்த வாட்ஸ்அப் குழுவில் பொய்யைப் போட்டீர்களோ, அதே குழுவில் 'நான் அனுப்பியது தப்பு' என்று ஒரு வரி போட்டீர்களா?

கொழுந்தனாரிடம் கேட்டேன். "வந்துச்சு, அனுப்பினேன், நானா எழுதினேன்?" என்கிறார். நல்ல நியாயம்! கள்ள நோட்டை நானா அச்சடித்தேன் என்று போலீசிடம் சொல்லிப் பாருங்கள். இன்னொருவர், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார். புகையைப் போட்டவரே அவர்தான்! மூன்றாமவர் யூடியூப் வைத்தியர். ஊசி விஷம், மாத்திரை விஷம், ஆஸ்பத்திரி கொள்ளைக்கூடம் என்று ஒரு மணி நேரம் முழங்குகிறார். கடைசி இரண்டு நிமிடத்தில் தன் லேகியத்தின் விலையைச் சொல்லி, கூரியர் செலவு தனி என்கிறார். ஐயா, உங்கள் நெஞ்சு வலித்தால் டிரைவர் காரை எங்கே விடுவார், லேகியக் கிடங்குக்கா?

எனக்கு வயிறு எரிகிறது தோழர்களே. திரையில் மூடநம்பிக்கையை அந்தக் கிழி கிழித்த கலைஞன் விவேக். சின்னக் கலைவாணர் என்று நாம் கொண்டாடிய மனிதர். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டார் என்று ஊர் ஊராக மரம் நட்டவர். அவர் முகத்தையே மூடநம்பிக்கைக்குப் போஸ்டராக ஒட்டிவிட்டார்களே! செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம்! இது அவருக்குச் செய்கிற துரோகம் இல்லையா? அவர் இறந்த அடுத்த மாதமே, மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் கொரோனா. ஊசி தேவைப்பட்ட நேரத்தில் ஊசியைக் கண்டு ஓட வைத்தீர்களே, திருத்தினீர்களா?

இதே மண்ணில், குன்னூரில், வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்கென்றே 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு ஊசி நம் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. இப்போது மிளகாய்த்தூளுக்குத் திரும்பிப் போவதா?

இட்லிக் கடை அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சொன்னேன். அந்தப் பெண் வெயிலில் தெருவுக்கே நடந்து வந்தார். திட்டவில்லை, வகுப்பெடுக்கவில்லை. காயத்தைக் கழுவிவிட்டு, "கடையைப் பார்த்துக்க நான் ஆள் சொல்றேன், வாங்கக்கா" என்று கையோடு கூட்டிப்போனார். முதல் ஊசி போட்டாகிவிட்டது, மிச்சத் தவணைக்கும் அவரே கூப்பிட வருகிறார். கொழுந்தனாரின் செய்தி மட்டும் குடும்பக் குழுவில் அப்படியே கிடக்கிறது. அதில் இன்னும் எத்தனை அண்ணிகள் இருக்கிறார்களோ!

எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருப்பதாகத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதை உங்களுக்கே தருகிறேன். எல்லோரும் செல்போனை எடுங்கள். விவேக் படம் போட்ட அந்தச் செய்தியை நீங்கள் எந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ, அந்தக் குழுவைத் திறங்கள். "நான் அனுப்பியது பொய். அவர் சாவுக்குத் தடுப்பூசி காரணமில்லை" என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அனுப்பி முடித்தவர்கள் கையைத் தூக்குங்கள். எண்ணிவிட்டுத்தான் இறங்குவேன்.