முகாமில் பிறந்த பிள்ளைக்கு எந்த நாடு?

(தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மும்பைக்கு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் பேசி இங்கேயே வளர்கிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் எழுந்த கூச்சலை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனாலும் நம்மை எவரும் அந்நியர் என்று சட்டப்படி சொல்ல முடியவில்லை. இந்தியாவில் இருப்பது ஒரே குடியுரிமை; மாநிலத்துக்கு மாநிலம் வேறு குடியுரிமை கிடையாது. அதுதான் நமக்குக் கவசம்.

அந்தக் கவசம் இல்லாத தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எண்ணிப் பிரிக்கிறோம். மனிதர்களையும் அப்படிப் பிரிக்கலாமா?

1983 கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழரும் மலையகத் தமிழரும் கடல் கடந்து தமிழகம் வந்தார்கள். முகாம்களில் குழந்தைகள் பிறந்தன. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தன. இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் இன்றுவரை அவர்கள் அகதிகள்!

இந்தியச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகியது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கே, 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் கிடைத்தது. 2024-இல் வாக்களித்தார். அதே முகாமில் 1988-இல் பிறந்திருந்தால்? கதவு அடைப்பு!

2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025-இல், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்களித்தது. வரவேற்கிறோம். ஆனால் தண்டிக்காமல் விடுவது வேறு, குடிமகனாக ஏற்பது வேறு.

‘ஊருக்கே திரும்பிப் போகட்டுமே’ என்பார் சிலர். போக விரும்புவோர் உரிய ஆவணங்களோடு, பாதுகாப்போடு போகட்டும். இருக்க விரும்புவோரை இந்தியா ஏற்கட்டும். முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். 1964-இல் எண்ணிக்கை பேசியபோது கேட்காமல் விட்ட கேள்வியை இப்போதாவது கேட்க வேண்டும்.

செம்பூர், மாட்டுங்காத் தோழர்களே, உங்கள் மக்கள் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அங்கே பிறக்கும் பேரப்பிள்ளைக்கு அந்த நாடு குடியுரிமை தராது. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தவறினால் மத்திய அரசின் அனுமதிக்கு அலைய வேண்டும். காகிதம் இல்லாத பிள்ளையின் கதி என்ன என்பதை முகாம்கள் நமக்குக் காட்டிவிட்டன.

முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமை கோரும் தீர்மானத்தை முன்வைக்கிறோம். இத்தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுப்போம். கையெழுத்திட்டு, கூடவே வாருங்கள்!