வழி மாறிப் போனால் நஷ்டமா?

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "படிச்சது ஒண்ணு, செய்யுற தொழில் ஒண்ணு. நான் என்னத்தப் பேச?" என்று கேட்டேன். "அதத்தான் பேசணும்" என்றார் செயலாளர். பேசிவிடுகிறேன்.

நான் இங்கே இயற்பியல் படித்தவன். பேங்க் வேலைதான் லட்சியம். மூன்று முறை பரீட்சை எழுதினேன், மூன்றும் போயிற்று. பம்பாயில் மாமா கடையில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். ஊருக்குத் திரும்பிய சமயம், முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வந்துகொண்டிருந்தன. ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். "டிகிரி படிச்சுட்டு ஸ்பேனர் பிடிக்கான்" என்று அஞ்சுகிராமம் ஜங்ஷனில் பேசினார்கள். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று என் அம்மா கொஞ்ச நாள் கல்யாண வீடுகளுக்குக்கூடப் போகவில்லை.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சரக்கல்விளையில் விவசாயி மகனாக 1957-ல் பிறந்த கே. சிவன். அவருக்கு இன்ஜினீயரிங் படிக்க ஆசை. வீட்டு நிலைமைக்கு அது கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம் படி என்றார் அப்பா. மகன் பட்டினி கிடந்து பார்த்தும் அப்பா இறங்கவில்லை. மனத்தாங்கலோடு பி.எஸ்சி. சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் சென்னை எம்.ஐ.டி.யில், பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்று வருஷ இன்ஜினீயரிங் படிப்பு இருந்தது. வேண்டாம் என்று அழுத பட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அப்போது அதே அப்பா நிலத்தை விற்று மகனை அனுப்பினார். 1980-ல் விமானப் பொறியியல் முடித்தார். வேலை உடனே அமையவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு. 1982-ல் இஸ்ரோ. அங்கேயும் அவர் விரும்பியது செயற்கைக்கோள் மையம். கிடைத்தது திருவனந்தபுரத்தில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் வேலை.

அங்கே போய் அவர் செய்தது என்ன? ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கும் 'சிதாரா' என்ற மென்பொருளை உருவாக்கியதில் முதன்மையானவர் அவர். ஏவும் நாளன்று வீசும் காற்றை அளந்து, அதற்கேற்ப ராக்கெட் செல்லும் முறையைத் திருத்திக்கொள்ளும் உத்தியிலும் அவர் பங்கு உண்டு. எல்லாம் கணக்குதான் மக்களே! வேண்டாவெறுப்பாகப் படித்த அதே கணக்கு. 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்தார்.

இன்னொருவர், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன். அவரும் நம் மாவட்டம், மேலக்காட்டுவிளை. தமிழ்வழியில் படித்தவர். முதலில் முடித்தது டிப்ளமோ. 1984-ல் இஸ்ரோவில் திட எரிபொருள் பிரிவில் சேர்ந்தார். பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரயோஜெனிக் பொறியியல் படித்து அந்தத் துறைக்கே திரும்பினார். ரஷ்யாவிடமிருந்து வரவேண்டிய அந்தத் தொழில்நுட்பம் 1993-ல் அமெரிக்க நெருக்கடியால் நின்றுபோனது. நாமே செய்தோம். 2010-ல் தோற்றோம், 2014 ஜனவரி 5-ல் ஜெயித்தோம். அந்த இன்ஜின்களைச் சோதிப்பது எங்கே? நமக்குப் பக்கத்து மகேந்திரகிரியில்.

வழி மாறினவர்கள் எல்லாரும் தலைவராகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானே ஆகவில்லையே! என்னோடு பரீட்சை எழுதிய நண்பன் ஒருவன், வயது வரம்பு முடியும்வரை அதையே எழுதினான். இடையில் கிடைத்த இரண்டு வேலைகளையும் 'இது தற்காலிகம்' என்று ஒப்புக்குப் பார்த்தான். எதிலும் கைத்திறன் சேரவில்லை. பரீட்சையில் தோற்றதை நான் நஷ்டம் என்று சொல்லமாட்டேன். நடுவில் போன அந்த வருஷங்கள்தான் நஷ்டம்.

காற்றாலையின் உச்சியில் ஒரு சின்னத் திசைகாட்டி உண்டு. காற்று திசை மாறினால் அது சொல்லும். மோட்டார் மொத்தத் தலையையும் காற்றுக்கு நேராகத் திருப்பும். திரும்பாவிட்டால் கரண்ட் இல்லை. ஆனால் தலைதான் திரும்புமே தவிர, அஸ்திவாரம் நகராது. நமக்கு அஸ்திவாரம் படித்த படிப்பும் பழகிய உழைப்பும். இன்று நான் காற்றாலைப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறேன். இயந்திரத்தைப் புரிந்துகொள்ள இயற்பியலும், ஒப்பந்தக்கூலி கணக்குப் போட பம்பாய்க் கடையும் உதவுகின்றன. போன மாதம் என் அம்மாவே ஒரு கல்யாண வீட்டில், "எம் மகன் காத்தாடி வேலை பாக்கான்" என்று பெருமையாகச் சொன்னாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சிவனின் அப்பா முதலில் மறுத்தவர். பிறகு நிலத்தை விற்றவரும் அவரே. பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும் மனம் மாறலாம்.

நண்பர்களே, நிலம் விற்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்ட படிப்பு கிடைக்காமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். இந்த மலரில் நம் பெயரோடு தொலைபேசி எண்ணும் இருக்கிறது. ஒரு தம்பியோ தங்கையோ கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள். எங்கே தோற்றோம், எங்கே திரும்பினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சங்கம் இருப்பது அதற்குத்தான்.