சங்கிலியும் சட்டமும்



நான் மாப்பிள்ளையூரணியில் இளம் ஆசிரியனாய் இருந்த காலத்தில், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்குச் சித்தம் கலங்கிற்று. அவன் தந்தை தோணித் தொழிலாளி. தாம் துறைமுகத்திற்குச் சென்றபின் மகன் எங்கேனும் ஓடிவிடுவானோ என்றஞ்சி, அவனைத் திண்ணைத் தூணிலே கயிற்றால் கட்டிவிட்டுப் போவார். ஒருநாள் அவ்வழியே சென்ற என்னிடம், “சார், அவிழ்த்து விடுங்கள்” என்றான் அவன். “அப்பா வரட்டும்” என்று கூறி நடந்துவிட்டேன். கட்டிவைத்தலே அவனுக்குக் காவல் என்று நானும் நம்பினேன்.

அந்நம்பிக்கை எத்துணைக் கொடியது என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் உணர்ந்தேன். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று விடியுமுன் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றித் தவித்தனர். 28 உயிர்கள் மாண்டன. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

அப்போது சட்டம் இல்லாமற் போயிற்றா? இல்லை. 1912ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், உரிமமின்றி இத்தகைய இல்லம் நடத்தலாகாது என்று கூறியே இருந்தது. ஏட்டிலிருந்த சட்டம் ஏர்வாடியை எட்டவில்லை.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2007இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்தது. மாற்றுத்திறனாளர் அனைவரும் சட்டத்தின்முன் பிறரோடு சமமானவர் என்பது அதன் 12ஆம் பிரிவு. குறைபாட்டைக் காரணங்காட்டி ஒருவரது சுதந்திரத்தைப் பறித்தலாகாது என்பது 14ஆம் பிரிவு.

இவ்வுடன்படிக்கைக்கு இயைய 2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் பிறந்து, 2018இல் நடைமுறைக்கு வந்தது. எவ்வகையிலும் சங்கிலியிடுதலை அதன் 95ஆம் பிரிவு அறவே தடுக்கிறது. பின்னாளில் நோயுற்றால் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும் இச்சட்டம் உரிமை தருகிறது.

ஆயினும் அளவுகோல் முழுதும் எட்டப்பட்டதா? 89ஆம் பிரிவின்படி, நோயாளியின் சார்பாளர் வேண்ட, மருத்துவர் ஆராய்ந்து ஒப்பினால், நோயாளியின் இசைவின்றியே அவரை 30 நாள்வரை மருத்துவமனையில் வைத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்து நேருங்கால் இது வேண்டுவதே என்பர் ஒருசாரார். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவோ, இசைவின்றி அடைத்தல் எந்நிலையிலும் உடன்படிக்கைக்கு முரண் என்கிறது. மறுஆய்வு வாரியத்திடம் முறையிட வழியுண்டு. ஆனால் அவ்வழியை நோயாளிக்கு எடுத்துரைப்பார் வேண்டுமே! மாணவர்களே, நாளை மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வரவிருக்கும் நீங்கள் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய வினா இது.

என் மாணவன் பின்னர்ச் சிகிச்சை பெற்றுத் தேறினான், குடும்பமும் நடத்தினான். வழியில் கண்டால் வணங்குவான். அந்தத் திண்ணையைப்பற்றி அவன் என்னிடம் பேசியதேயில்லை. நானும் மன்னிப்புக் கேட்கத் துணிந்ததில்லை.

உங்கள் தெருவிலும் அத்தகையவர் இருத்தல் கூடும். அவரைக் கண்டு விலகாதீர்கள். அருகே சென்று, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள், அவர் சொல்வதை இருந்து கேளுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்களேனும் செய்யுங்கள்.