தொண்டை நோவுதானே என்று விட்டுவிடலாமா?

(மருத்துவ ஊழிய ஞாயிறு ஆராதனையில் நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கு நம் மருத்துவக் குழு போகும்போதெல்லாம் தாய்மார் சொல்லுவது இது: "பகல்ல விளையாடுது ஐயா, ராத்திரியானா தொண்டை நோவுதுன்னு அழுவுது."

ராத்திரியில் ஏன்? மூக்கு அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும், தொண்டை வறண்டுபோகும். படுத்தவுடன் மூக்குச்சளி தொண்டைக்குள் இறங்கும். பெரியவர்கள் வலை இழுத்துவிட்டு நேரங்கெட்டுச் சாப்பிட்டு உடனே படுத்தால், வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்கும். அடுப்புப் புகையோடு கொசுவர்த்திப் புகையும் சேருகிறது. மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

இவற்றுக்கு எளிய பரிகாரம் உண்டு. வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கலாம். நிறையத் தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கலாம். சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டலாம். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். பெரும்பாலான தொண்டை நோவு ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும்.

ஆனால் எல்லாம் அப்படியல்ல. 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைக்கு இருமலோ சளியோ இல்லாமல் காய்ச்சலும், விழுங்க முடியாத வலியும், கழுத்தில் நெறிகட்டும் இருந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். ஓர் அறையில் பலர் படுக்கும் வீட்டில் இது எளிதாய்ப் பரவும். கவனியாமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீங்கும். மூட்டு வீக்கம் வடிந்துவிடும். இருதய வால்வில் விழுந்த வடுவோ நிலைத்துவிடலாம். செல்வ நாடுகளில் அநேகமாய் மறைந்துபோன இந்த இருதய நோயை ஒழிக்க, உலக சுகாதார மாநாடு 2018-ல் தீர்மானம் நிறைவேற்றியது.

தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம். மாத்திரையானால் பத்து நாளும் முழுமையாய்ச் சாப்பிட வேண்டும். ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், அதுவும் பல வருஷங்கள்.

பிரியமானவர்களே, பாரம் இங்கேதான் இருக்கிறது. ஊசியின் விலை அதிகமில்லை. திரும்பத் திரும்ப வருவதுதான் அவர்களுக்குக் கடினம். பழவேற்காட்டில் "பாடு" என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போட வேண்டும் என்பது அது. தன் பாட்டை விட்டால் அன்றைய வருமானம் போயிற்று. ஊசி நாளும் பாட்டு நாளும் ஒன்றாய் வந்தால் தகப்பன் என்ன செய்வான்? "ஓடியாடி விளையாடுறான், நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு ஐயா ஊசி?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. நம் செவிலியர் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாய் விளக்கினார். ஒருமுறை சொன்னது போதவில்லை. மூன்று முறை போக வேண்டியதாயிற்று.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அவன் காயங்கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான். மறுநாளையும் அதற்கு அடுத்த நாளையும் நினைத்த அன்பு அது.

உங்கள் காணிக்கை பெரும்பாலும் பெரிய இயந்திரங்களாய் மாறுவதில்லை. குப்பத்துக்குப் போகும் வண்டியின் டீசலாய், ஊசி நாளைக் குறித்த அட்டையாய், வராத பிள்ளையைத் தேடிப்போகும் செவிலியரின் சம்பளமாய் மாறுகிறது. ஒருமுறை கொடுத்தவர்கள் மாதந்தோறும் சிறிது கொடுக்க ஜெபத்தோடு யோசியுங்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு ஊசியும் தவறாமல் வளர்ந்து ஆளாக அனுதினமும் ஜெபியுங்கள்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.