காம்பராவுக்குள் நாற்று வளர்ப்போம்

(தோட்டப் பிள்ளைக் காம்பராவில் நடந்த வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2022ஆம் ஆண்டு மரக்கறி விலை ஏறியபோது நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அதற்குப் பிறகுதான் பல பேர் லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தைக் கொத்தத் தொடங்கினார்கள். ஆனால் விதை வாங்கிப் போட்டு, முளைத்த பிறகு நாற்று சாய்ந்து செத்துப் போகிறது என்று நிறையப் பேர் என்னிடம் சொல்கிறார்கள். காசு போட்டு வாங்கிய விதை அது. அதனால் இன்றைக்கு நாற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் மட்டும் நம்ம பக்கம் மழையும் மூட்டமும்தான். வெளியே வைத்தால் மழை அடித்து நாற்று போய்விடும். உள்ளே வைத்தால் காம்பராவில் வெளிச்சம் போதாது. வெளிச்சம் தேடி நாற்று நெடுநெடுவென்று வளரும், தண்டு வெளுத்து நூல் மாதிரி ஆகும், பிறகு விழுந்துவிடும். இதற்கு ஒரு வழி, ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு.

விசேஷ பல்பு ஒன்றும் தேவையில்லை. கடையில் விற்கிற 9 வாட் வெள்ளை பல்பு போதும். ஒரு அடிக்கு ஒரு அடி தட்டுக்கு ஒரு பல்பு. முக்கியமான விஷயம், பல்பு கூரையில் தொங்கினால் பிரயோசனம் இல்லை. நாற்றின் தலைக்கு மேலே அரை அடியில் இருக்க வேண்டும். நாற்று வளர வளரப் பல்பை உயர்த்துங்கள். இலை இருக்கிற இடத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரமாகத் தட்டை வைத்தால் வெளிச்சம் திரும்பி விழும்.

காலையில் பெரட்டுக்குப் போகிற நேரம், 6 மணிக்குப் போட்டு, இரவு 8 மணிக்கு அணைத்துவிடுங்கள். நமக்குத் தூக்கம் வேண்டும் என்கிற மாதிரி நாற்றுக்கும் இருட்டு வேண்டும். 14 மணித்தியாலப்படி 21 நாள் எரித்தாலும் 3 யூனிட் வராது. பழைய 60 வாட் குண்டு பல்பு என்றால் 17 யூனிட்டுக்கு மேலே போகும், இலையும் கருகும். அது வேண்டாம்.

இப்போது ஒரு கண்டிப்பான பேச்சு. சில லயங்களில் வயரிங் பழசு. பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து, முறுக்கி டேப் சுற்றி லைட் போடாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் வையுங்கள், தினமும் தட்டைத் திருப்பி வையுங்கள், அது போதும். தண்ணி விடும்போது சுவிட்சை அணைத்து, பல்பை ஒதுக்கி வைத்த பிறகுதான் விட வேண்டும். துணி, கடதாசி பல்புக்குக் கிட்ட இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நாற்று போனால் இன்னொரு விதை போடலாம். ஒரு லயம் பற்றிக்கொண்டால் எத்தனை குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணி. நாற்று சாகிறதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணி குறைவு இல்லை, கூடுதல். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தண்டு மண்ணோடு சேருகிற இடத்தில் கறுத்து, மெலிந்து, நேற்று நன்றாக இருந்த நாற்று இன்று படுத்துக் கிடக்கும். பிறகு மருந்து போட்டுக் காப்பாற்ற ஏலாது, வராமல் பார்க்கத்தான் முடியும். மேல் மண், மணல், நன்றாக மக்கின கூட்டெரு மூன்றையும் சமமாகக் கலந்து, கொதிதண்ணி ஊற்றி ஆறவிட்டுப் பாவியுங்கள். யோகட் கப்பில் அடியில் ஓட்டை போடுங்கள். மேலே ஊற்றாமல், தண்ணித் தட்டில் கால் மணித்தியாலம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். மேல் மண் காய்ந்தால்தான் அடுத்த தண்ணி. விதையை நெருக்கிப் போடாதீர்கள்.

தக்காளி, கறிமிளகாய் விதைக்குக் குளிர் ஆகாது. முளைக்கிற மட்டும் அடுப்புப் பக்கத்துப் பலகையில் வைக்கலாம். முளை தெரிந்த அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். புகைக்கரி இலையில் படியக் கூடாது. பகலில் கதவைத் திறந்து காற்று விடுங்கள். தினமும் இரண்டு தடவை நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுத்தால் தண்டு பலமாகும். ஆனால் வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள், பீடி சிகரெட் குடிக்கிறவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். புகையிலையில் இருக்கிற வைரஸ் நோய் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும்.

முதலில் வருகிற இரண்டு இலை விதை இலை. அதற்குப் பிறகு வருகிறதுதான் சரியான இலை. அது வரும் மட்டும் எந்த உரமும் வேண்டாம். யூரியாவைக் கண்ணிலும் காட்டாதீர்கள்.

கடைசியாக, பல்புக்குக் கீழே வளர்ந்த நாற்றை நேரே பாத்தியில் நடாதீர்கள். தேயிலை நர்சரியில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே எடுக்கிறோம்? அதே வேலைதான். முதல் நாள் இஸ்தோப்பில் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு, இப்படி ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை பழக்குங்கள். கோவா, நோக்கோல், தக்காளிக்கு இது பொருந்தும். கரட், முள்ளங்கி, போஞ்சி விதையை நேரே பாத்தியிலேயே போடுங்கள், நாற்றுத் தேவையில்லை.

வேலை முடிந்து களைத்து வருகிற தாய்மார்தான் இதையும் பார்க்க வேண்டும் என்று இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கப்புகளை ஒப்படையுங்கள். வீட்டு ஆம்பிளைகளும் ஒரு கை கொடுக்கட்டும். பத்து நாற்று பிழைத்தாலும் பிள்ளைகளின் சாப்பாட்டில் ஒரு கறி கூடும்.

வயரிங் பழுதாக இருந்தால் மறைக்காமல் தோட்டக் காரியாலயத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.