பூக்கும் நாளும் பொதுமக்களும்



வேம்பு பூத்ததைக் கண்டு சித்திரை நெருங்கியதென அறிவது நம் மக்களுக்குப் புதிதன்று. ஆயினும், அது எந்த ஆண்டில் எந்நாளில் பூத்தது என்று எழுதி வைத்தோர் மிகச் சிலரே. அவ்வாறு எழுதுவதனால் விளையும் பயனை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

அமெரிக்காவில், பாஸ்டன் நகருக்கு அணித்தே கான்கார்டு என்னும் ஊர் உள்ளது. அங்கு வாழ்ந்த எழுத்தாளர் தோரோ, 1850-களில் காடும் வயலும் சுற்றி நடந்து, ஒவ்வொரு செடியும் முதன்முதல் மலர்ந்த நாளைக் குறித்து வந்தார். அவருக்குப் பின்னர் ஆல்பிரட் ஹாஸ்மர் என்னும் அவ்வூர்க் கடைக்காரர் 1902 வரை அத்தகைய குறிப்புகளை எழுதினார். உலகம் வெப்பமுறுகின்றதா என்று ஆராய்வது அவ்விருவர்தம் நோக்கமுமன்று.

நூறாண்டுகள் கடந்தபின், பிரிமாக் என்னும் தாவரவியல் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் அதே ஊரில் அதே செடிகளைக் கவனித்து, பழங்குறிப்புகளோடு ஒப்பிட்டனர். பரவலாகக் காணப்படும் 43 இனங்கள், தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக 7 நாட்கள் முந்திப் பூப்பது புலனாயிற்று. வெப்பம் மிகுந்ததே அதற்குக் காரணம். வெப்பத்திற்கேற்பத் தம் பூக்கும் நாளை மாற்றிக்கொள்ள இயலாத இனங்கள் பல அவ்வூரில் அருகி வருவதையும் 2008-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பழைய ஏடுகள் இல்லையெனில் இவ்வுண்மையை எங்ஙனம் அறிந்திருப்போம்?

நம் நாட்டிலோ பனி உருகுவதைக்கொண்டு வசந்தம் பிறப்பதில்லை. வெயிலும் மழையும் சேர்ந்தே மரங்களின் பருவத்தை வகுக்கின்றன. ஆதலின், நம் மரங்களுக்கு நம்முடைய குறிப்புகளே வேண்டும். இந்நோக்கத்துடன் இந்தியாவில் 2010-இல் ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளி மாணவரும் பிறரும் அதிற் பங்குகொள்கின்றனர்.

முறை மிக எளிது. ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பாருங்கள். தளிர், முதிர்ந்த இலை, அரும்பு, மலர், காய், கனி ஆகிய ஒவ்வொன்றும் இல்லையா, சிலவா, பலவா என்று நாளிட்டு எழுதுங்கள். பூ இல்லாத வாரத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதும் இன்றியமையாதது. வெற்றிடமாக விட்டால், பூக்கவில்லையா, பார்க்கவில்லையா என்பது பின்வருவோர்க்கு விளங்காது.

ஒரு மரம் ஓராண்டு முந்திப் பூத்தமை கொண்டு காலநிலை மாறிற்றென முடிவு கட்டலாகாது. மழை பொய்த்தாலும் அவ்வாறு நிகழக்கூடும். பலர், பல ஊர்களில், பல்லாண்டுகள் எழுதிய குறிப்புகள் ஒன்றுசேர்ந்தால்தான் அது சான்றாகும். விஞ்ஞானிகள் சிலராகவே உள்ளனர். அவர்களால் எல்லாத் தெருக்களிலும் நிற்க இயலாது. உங்கள் தெருவில் நிற்கும் வேம்பை நீங்கள்தாம் பார்க்க வேண்டும். இன்று தொடங்கும் ஏட்டை நாளை உங்கள் மக்கள் தொடர்வாராக.