நடையைச் சொல்லும் ஆங்கில வினைகள்



நடத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உள. களைத்தவன் கால்களைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்தால் 'ட்ரட்ஜ்'. பாதத்தைத் தரையில் தேய்த்துச் சென்றால் 'ஷஃபிள்'. நெஞ்சை நிமிர்த்திச் செருக்கோடு நடந்தால் 'ஸ்ட்ரட்'. 'தளர்ந்து நடந்தான்' என்னும்போது தமிழில் வினையெச்சம் ஏற்கும் பணியை அங்கே முற்றுவினையே தன்னுள் அடக்கிக்கொள்கிறது. மொழியியலறிஞர் லெனார்ட் டால்மி 1985-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய வேறுபாடுகளை விரிவாக ஆராய்ந்தது. ஆகவே சொற்களை எண்ணி எம்மொழி வளமுடையது என வழக்காடுதல் வீண். மேடைகளில் அவ்வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை என்பது வேறு செய்தி. கவிஞர் கருத வேண்டியது, அவ்வினைகளுக்குள் நடப்பவனைப் பற்றிய ஒரு மதிப்பீடும் மறைந்திருக்கிறது என்பதே.

'ஆம்பிள்' முதலில் குதிரையின் மென்னடை. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து பெயரும் அந்நடை, ஏறியிருப்பவரைக் குலுக்காது. பின்னரே அச்சொல் அவசரமற்ற மனிதரின் நடைக்கு வந்தது. தமிழிலும் 'உலாவுதல்' காலாற நடப்பதுதான். ஆயினும் உலா இலக்கியத்தின் தலைவன் யானைமீதோ குதிரைமீதோ தேரிலோ பவனி வருகிறானேயன்றி நடப்பதில்லை!

'ஸான்டர்' என்னும் சொல்லின் பிறப்பு இன்றும் தெளிவாகவில்லை. அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தம் மறைவுக்குப் பின் 1862-இல் வெளியான 'நடத்தல்' என்னும் கட்டுரையில், புனித நாட்டுக்குச் செல்வதாகக் கூறி ஊர்தோறும் இரந்து திரிந்தோரைக் குறித்த பிரெஞ்சுத் தொடரிலிருந்து அது வந்தது என்றார். சொல்லாராய்ச்சியாளர் இதை ஏற்கவில்லை. எனினும் சோம்பல் நடை எனக் கருதப்பட்டதை யாத்திரையாக உயர்த்திவிட்டது அப்பிழையான விளக்கம். இலக்கியத்தில் பிழைக்கும் பயன் உண்டு போலும்.

இவை யாவற்றினும் ஆழ்ந்து நோக்கத் தக்கது 'வாண்டர்'. 1807-இல் வெளிவந்த வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபோடில் மலர்க் கவிதை அவ்வினையோடுதான் தொடங்குகிறது. அவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 1,75,000 மைல் முதல் 1,80,000 மைல் வரை நடந்திருப்பார் என நண்பர் டி குவின்சி கணக்கிட்டார். அந்நடை கவிதையாயிற்று. ஆனால் 1824-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட நாடோடிகள் சட்டத்திலும் அதே வினை இடம்பெற்றது. நெப்போலியப் போர்கள் 1815-இல் முடிந்தபின் வேலையும் வீடும் இன்றி அலைந்தோர் பெருகியிருந்தனர். பிழைப்புக்கு வழியின்றி அலைந்து, களஞ்சியத்திலோ திறந்தவெளியிலோ படுத்து உறங்குவதை அச்சட்டம் குற்றமாக்கியது. ஏரிக்கரையில் கவிஞர் செய்தால் தியானம். போரிலிருந்து மீண்ட சிப்பாய் தெருவில் செய்தால் சிறை. சொல் ஒன்றே, நடப்பவனின் உடைமையே வேறு.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கேதான் இடர்ப்பாடு. கவிதைக்கு 'உலவினேன்' என்றும் சட்டத்துக்குத் 'திரிதல்' என்றும் பெயர்த்தால் தமிழ் இயல்பாகவே இருக்கும். ஆனால் இருவரையும் ஒரே சாலையில் நிறுத்திய அவ்வொற்றைச் சொல் மறைந்துபோகும். 'உலவினேன்' கவிஞருக்கு மாலைநேரத்து ஓய்வைத் தந்துவிடுகிறது. 'திரிதல்' விசாரணைக்கு முன்பே தண்டனையை எழுதிவிடுகிறது. 'அலைதல்' இரண்டுக்கும் பொருந்தும். மேகமும் அலையும், வேலை தேடுபவனும் அலைவான்.